ஒரு வீடு, மூன்று கூரை: மஞ்சக்குப்பத்து வீட்டின் காப்பீட்டுக் கோப்பு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய வீடு. தெருப்பக்கம் ஓட்டுக் கட்டு, நடுவில் ஆர்.சி.சி. தளம் போட்ட கூடமும் இரண்டு அறையும், பின்னால் ஷீட் போட்ட சமையல் கட்டு. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியை. தெருவில் எல்லோருக்கும் டீச்சர், எனக்கும் டீச்சர்தான். மகன் ப்ளோரிடாவில் இருக்கிறார். வீடுகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. 2024 கோடையில் அவர்தான் போன் செய்தார்: "சார், அம்மா வீட்டுக் கூரைக்கு வயசு என்ன, நிலைமை எப்படின்னு ஒரு ரிப்போர்ட் வேணும். இன்ஷூரன்ஸுக்கு."

ப்ளோரிடாவில் இருப்பவர் அப்படிக் கேட்பதில் ஆச்சரியமில்லை. அங்கே பாலிசி கிடைக்குமா என்பதே கூரையின் வயதைப் பொறுத்த விஷயம். 15 வயதுக்குக் குறைந்த கூரையை வயதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. அதைவிடப் பழைய கூரையானாலும், இன்னும் ஐந்து ஆண்டு தாங்கும் என்று ஆய்வில் தெரிந்தால் வயதைச் சொல்லி ஒதுக்கக் கூடாது. இப்படி 2022-இல் அந்த மாநிலம் சட்டமே போட வேண்டி வந்தது. அங்கே பல வீடுகளில் தார் கலந்த ஷிங்கிள் கூரை. வெயிலில் காய்ந்து தேய்கிற சரக்கு.

நம் ஊர்க் கணக்கு வேறு. 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு, காப்பீட்டுக் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்துக் கொடுத்த பொதுவான பாலிசி இருக்கிறது. பாரத் கிருஹ ரக்ஷா என்று பெயர். எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகையைப் பழைய வீடு என்று தேய்மானம் கழித்துப் போடுவதில்லை. கார்பெட் ஏரியாவை, அதாவது சுவருக்குள் புழங்கும் பரப்பை, பாலிசி தொடங்கும்போது உள்ள கட்டுமானச் செலவால் பெருக்கிப் போடுகிறார்கள். ஆக, வயது கூடியதால் மட்டும் தொகை குறையாது.

அப்புறம் வயது எதற்கு? இரண்டு இடத்தில் அது வேறு வேஷத்தில் வந்து நிற்கும். அந்தப் பாலிசி, சொல்லி வைத்த காரணங்களுக்குத்தான் பணம் தரும்: தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், மரம் விழுவது, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைவது என்று ஒரு பட்டியல் உண்டு. வருஷக்கணக்காகக் கசிந்து கம்பி துருப்பிடிப்பது அதில் கிடையாது. இது ஒன்று. இன்னொன்று, சேதம் நடந்த நேரத்தில் கூரை எந்த நிலையில் இருந்ததோ, ஏறக்குறைய அந்த நிலைக்குக் கொண்டுவரும் செலவைத்தான் தருவார்கள். அது எந்த நிலையில் இருந்தது என்பதைப் புயல் அடித்து ஓய்ந்த பிறகு யார் சொல்வது? வீட்டுக்காரர் நன்றாக இருந்தது என்பார், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பழசு என்பார். டீச்சர் வீட்டில் இந்த இழுபறி எப்படி முடிந்தது என்பதுதான் இந்த ஆய்வு.

பாலிசியில் இருந்த வீடு வேறு

முதலில் பாலிசியை வாங்கிப் பார்த்தேன். 2021-இல் வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் வாங்கியபோது வங்கியிலேயே போட்டுக் கொடுத்த பத்து வருஷ பாலிசி. படிவத்தை டீச்சர் நிரப்பவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார். 'கூரை: ஆர்.சி.சி. கட்டடத்தின் வயது: 25. கார்பெட் ஏரியா: 900 சதுர அடி.' ஓட்டுக் கட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சமையல் கட்டு 2023-இல் எழுப்பியது, அதனால் அதுவும் இல்லை.

சமையல் கட்டின் உள்ளளவு 12 அடிக்கு 9 அடி, அதாவது 108 சதுர அடி. பாலிசி தொடங்கிய பிறகு கார்பெட் ஏரியாவை 10 சதவீதத்துக்கு மேல் கூட்டுகிற கட்டுமானத்தை, கூடுதல் பிரீமியம் கட்டி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் மாற்றத்தைச் சேர்க்கும் இணைப்பு) வாங்கினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். 900-க்குப் பத்து சதவீதம் 90. பதினெட்டு சதுர அடியில் அந்தக் கட்டு முழுவதும் பாலிசிக்கு வெளியே நின்றது.

ஓட்டுக் கட்டைச் சொன்னால் பாலிசியையே ரத்து செய்துவிடுவார்களோ என்று டீச்சருக்குப் பயம். அந்தப் பயத்துக்கு இடமில்லை. கச்சா கட்டடம் என்று ஒதுக்குவது ஓலை, வைக்கோல், மூங்கில், பலகை, தார்ப்பாய், பிளாஸ்டிக் துணி மாதிரியான கூரையையும் சுவரையும்தான். மங்களூர் ஓடு அந்தக் கணக்கில் வராது. ஓட்டுக் கட்டையும் சமையல் கட்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்தோம், எண்டார்ஸ்மென்ட் வந்தது. பிரீமியத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

வயதைத் தேடியது

ஷீட்டுக்கு வேலையே இல்லை. 2023-ஆம் வருஷத்து ஜி.எஸ்.டி. பில் பத்திரமாக இருந்தது. ஆர்.சி.சி. தளத்துக்கு 1996-இல் நகராட்சி கொடுத்த வரைபட அனுமதி இருந்தது. (கடலூர் மாநகராட்சி ஆனது 2021-இல்தான், பழைய காகிதமெல்லாம் நகராட்சி பெயரில்தான் இருக்கும்.) தளத்தின் மேல் போட்ட சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் அதே காலத்தவை. மொட்டை மாடிக்கு வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தது 2019. பில் இல்லை, பெயின்டருக்குப் பணம் அனுப்பிய வங்கிக் கணக்குப் பதிவு இருந்தது. அது போதும்.

கஷ்டப்படுத்தியது ஓட்டுக் கட்டுதான். டீச்சர் உறுதியாகச் சொன்னார்: "தம்பி, ஓட்டுலேயே வருஷம் போட்டிருக்கு, பாரு. 1868." ஓர் ஓட்டைக் கழற்றித் திருப்பினேன். மங்களூர் ஆல்புகர்க் அண்ட் சன்ஸ், கீழே 1868. பல வீடுகளில் இதைக் காட்டி நூற்றைம்பது வருஷத்து ஓடு என்று பெருமையாகச் சொல்வார்கள். அது கம்பெனி தொடங்கிய ஆண்டு. 1868-இல் தொடங்கிய கம்பெனி, பிறகு எத்தனையோ ஆண்டு கழித்துச் சுட்ட ஓட்டிலும் அதே எண்ணைத்தான் அச்சடித்தது. பாசல் மிஷன் ஓட்டில் வரும் 1865-உம் இதே கதை. இந்த எண்ணைப் படிவத்தில் எழுதியிருந்தால், விவரம் தெரியாத அதிகாரி யாராவது அப்படியே நம்பியிருப்பார்; நூற்றைம்பது வருஷக் கூரை என்று கோப்பில் ஏறிவிடும்.

உதவியது பத்திரம். டீச்சரின் மாமனார் 1961-இல் வாங்கிய கிரயப் பத்திரத்தில், சொத்து விவரத்தில் 'நாட்டு ஓட்டு வீடு' என்று இருந்தது. அன்றைக்குச் சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு, இல்லை. டீச்சர் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தது 1979-இல். அப்போது மேலே இருந்தது சீமை ஓடு. 1996 வரைபடத்தின் குறுக்குவெட்டுப் படத்திலும் முன் கட்டுக்கு மங்களூர் ஓடு, ஏற்கெனவே உள்ளது என்று குறித்திருந்தார்கள். ஆகவே ரிப்போர்ட்டில் 'பனங்கைச் சட்டம்: 1961-க்கு முற்பட்டதாகத் தெரிகிறது. ஓடு: 1961-க்கும் 1979-க்கும் இடையில் மாற்றப்பட்டது' என்று எழுதினேன். ஏதாவது ஒரு வருஷத்தைச் சொல்லுங்கள் சார் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஆதாரம் இவ்வளவுதான் என்றால் இடைவெளியாக எழுதுவதே நல்லது. ஒற்றை வருஷத்தை எழுதிவிட்டு அதற்குக் காகிதம் இல்லாமல் விழிப்பதைவிட இது நிமிர்ந்து நிற்கும்.

அதோடு முடியவில்லை. கடலூரில் யாரிடம் வீட்டைப் பற்றிக் கேட்டாலும் "தானேக்கு முன்னாடியா, பின்னாடியா" என்றுதான் கணக்கு ஓடும். 2011 டிசம்பர் 30 விடியலில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே மணிக்கு 140 கி.மீ. வரை காற்றோடு கரையைக் கடந்த புயல் அது. ஓட்டு வீடு, ஷீட் வீடு என்றால் தானேயில் ஏதாவது போயிருக்கும். கேட்டதும் டீச்சர் உள்ளே போய், ஒரு பழைய டைரிக்குள்ளிருந்து 2012 ஜனவரி பில்லை எடுத்து வந்தார். 240 ஓடு, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் மரம், கூலி தனி. முன் கட்டு மூன்று சதுரத்துக்குக் கொஞ்சம் கூட (சதுரம் என்றால் 100 சதுர அடி). சதுரத்துக்கு 140, 150 ஓடு பிடிக்கும். அப்படியென்றால் பாதிக் கூரை மாறியிருக்கிறது. உள்ளே படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் தெரிந்துவிட்டது: தென்சரிவில் ரீப்பர் எல்லாம் மெஷினில் அறுத்தது, நேர்கோடு, ஓட்டில் வேறு கம்பெனி முத்திரை. வடசரிவில் பழைய ரீப்பர், கரியேறியது. ஆக முன் கட்டுக்கே மூன்று வயது: சட்டத்துக்கு ஒன்று, வடசரிவு ஓட்டுக்கு ஒன்று, தென்சரிவுக்கு ஒன்று.

கூகுள் எர்த்தில் பழைய படங்களை ஆண்டுவாரியாகப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கலாம். கூரையின் நிறம் எப்போது மாறியது, ஷீட் எப்போது முளைத்தது என்பது அதில் விழுந்துவிடும். சமையல் கட்டு 2021-இல் இல்லை என்பதற்கு அந்தப் படத்தையும் கோப்பில் சேர்த்தோம். பில் தொலைத்தவர்களுக்கு இது பெரிய உதவி.

நிலையைப் பதிந்தது

மொட்டை மாடியைவிட வீட்டுக்குள்ளிருந்து மேலே பார்ப்பதில்தான் அதிக விஷயம் கிடைக்கும். ஓட்டை விரல் கணுவால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். விரிசல் விட்ட ஓடு மந்தமாகக் கேட்கும். வடசரிவில் அப்படிச் சில இருந்தன. பனங்கைகளில் ஒன்றைச் செல் அரித்திருந்தது, சுவரில் உட்காரும் முனையில். ஷீட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. கடற்காற்றுக்கு ஒரு வருஷத்திலேயே ஜே போல்ட் தலைகள் துருவேறத் தொடங்கியிருந்தன, ஒன்றிரண்டில் ரப்பர் வாஷர் இல்லை. அதை அன்றைக்கே போடச் சொல்லி, போட்ட பிறகும் படம் எடுத்தேன்.

கூடத்தை ஒட்டிய அறையில்தான் பிரச்சினை. உட்கூரையில் சுமார் நான்கடி நீளம், இரண்டரை அடி அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்து, கம்பிகள் துருத்திக்கொண்டு நின்றன. மேலே மழைநீர்க் குழாய் வாய் இருக்கும் இடம். கம்பிக்குக் கீழே கான்கிரீட் மூடல் அரை அங்குலம்தான். புதிதாக உடைத்த விளிம்பில் ஃபினால்ஃப்தலீன் தெளித்தேன். நல்ல கான்கிரீட் என்றால் ரோஜா நிறமாக மாறும். கம்பி வரைக்கும் நிறம் மாறவே இல்லை. காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே இறங்கி, கம்பியைக் காத்துவந்த காரத்தன்மையைத் தீர்த்துவிட்டது. கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்ளும். இந்த மருந்து உப்பைக் காட்டாது, அதற்கு வேறு சோதனை. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும். அதுதான் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. இது பல வருஷத்து வேலை, ஒரு மழையில் வந்ததல்ல.

உதிர்ந்த இடத்தைச் சுற்றிக் கரிக்கட்டியால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, டேப்பை விரித்துப் பிடித்துப் படம் எடுத்தேன். கோட்டுக்கு வெளியே தட்டிப் பார்த்து, பொள்ளல் சத்தம் எதுவரை கேட்கிறதோ அங்கே இன்னொரு கோடு, புள்ளிப்புள்ளியாக. பிறகு அடுத்த அறை, கூடம் என்று பழுதே இல்லாத உட்கூரைகளையும் ஒன்றுவிடாமல் எடுத்தேன். எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். ஓட்டையைப் படமெடுப்பார்கள், நன்றாக இருப்பதை எடுக்க மாட்டார்கள். புயலுக்குப் பிறகு கையில் வேண்டியது அந்த நல்ல படம்தான்.

டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தவர் கேட்டார்: "ஏன் தம்பி, கம்பி தெரியறதையெல்லாம் எழுதணுமா? நாமளே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகாதா?"

"டீச்சர், நாம எழுதலைன்னா நாளைக்கு வீட்டுல எது விழுந்தாலும் அவங்க அந்தக் கம்பியைக் காட்டி எல்லாமே பழசுன்னு எழுதிடுவாங்க. இதுவரைதான் பழசுன்னு கோடு போட்டு வச்சா, கோட்டுக்கு வெளியே நம்ம பேச்சு நிக்கும்" என்றேன். அரை மனதாகத்தான் தலையாட்டினார்.

படங்களை மகனுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடச் சொன்னார். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, எடுத்த தேதி, இடம் எல்லாவற்றையும் உரித்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். அதைவிட, ரிப்போர்ட்டையும் மூலப்படங்களையும் மின்னஞ்சலில் மகனுக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் ஒன்றாக அனுப்பியதுதான் பின்னால் கை கொடுத்தது. போனில் தேதியை யாரும் மாற்றிக்கொள்ளலாம்; கம்பெனியின் மெயில் பெட்டியில் மே மாதமே போய் உட்கார்ந்ததை மாற்ற முடியாது.

ஃபெஞ்சல்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரைச் சுற்றிப் பல ஊர்கள் தண்ணீரில் நின்றன. இந்த வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை, காற்றும் மழையும்தான்.

பக்கத்து மனைத் தென்னையின் தலை முறிந்து ஓட்டுக் கட்டின் முகட்டில் விழுந்தது. ஓடுகள் நொறுங்கி, இரண்டு பனங்கை ஒடிந்தன. பின்கட்டில் ஒரு ஷீட் மடங்கிக் கிழிந்தது. மொட்டை மாடியில் முக்கால்வாசி காலியாக இருந்த ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி சாய்ந்து, அதோடு குழாயும் பிடுங்கிக்கொண்டது. தொட்டி விழுந்த இடத்தில் தட்டோடு உடைந்து, கூடத்தின் உட்கூரை ஊறிப் பூச்சுப் பெயர்ந்து விழுந்தது. அறையில் ஏற்கெனவே உதிர்ந்திருந்த இடமும் இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது.

மறுநாளே கம்பெனிக்குத் தகவல் சொன்னோம். தார்ப்பாய் போடுவதற்கு முன்னே படம், போட்ட பிறகு படம், தார்ப்பாய்க்குப் பில். சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரர் கடமை. சர்வேயர் வரட்டும் என்று கூரையைத் திறந்து போட்டு வைக்கக் கூடாது. உடைந்த ஓடுகளை மட்டும் திண்ணை ஓரமாகக் குவித்து வைத்தோம்.

சர்வேயர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் அந்த வாரம் எத்தனை வீடு பார்த்தாரோ, களைத்திருந்தார். நேராக அறைக்குள் போய்க் கம்பியைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார். "பழைய தளம் சார். துருப்பிடிச்சு விழுந்திருக்கு. ரெண்டுமே புயல் கணக்குல வராது." எதிர்பார்த்ததுதான். மே மாதப் படங்களை எடுத்துக் கொடுத்தேன். அறையில் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. புதிதாக உதிர்ந்தது முழுக்க முதல் கோட்டுக்கும் புள்ளிக் கோட்டுக்கும் நடுவே. "இது பழசுதான், இதை நாங்களும் கேட்கலை" என்றேன். (மகன் பட்டியலில் சேர்த்திருந்தார், அது வேறு விஷயம்.) கூடத்தின் உட்கூரை மே மாதப் படத்தில் கறை கூட இல்லாமல் இருந்தது. விழுந்த பூச்சுக்குப் பின்னால் கம்பி தெரியவில்லை, துருக்கறை இல்லை, மேலே நேராகத் தொட்டி விழுந்த இடம். அவர் மாடிக்கு ஏறி, அளந்து பார்த்து, இறங்கி வந்து, எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

கேட்டது மொத்தம் 1,46,000 ரூபாய்: ஓட்டுக் கட்டு 52,000, ஷீட் 14,000, தொட்டி, குழாய், தட்டோடு, கூடத்து உட்கூரை எல்லாம் சேர்த்து 42,000, அறையின் பழைய பழுது 38,000. அறைக்கு ஒன்றும் இல்லை, அது நியாயம். ஷீட்டும் கூடமும் முழுசாகக் கிடைத்தன. ஓட்டுக் கட்டில் 5,000 பிடித்தார்கள். ஒடிந்த இரண்டு பனங்கையில் ஒன்று, செல் அரித்தது என்று நானே எழுதி வைத்திருந்த அதே சட்டம். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுதாமல் விட்டிருந்தால் அந்த ஐயாயிரம் கிடைத்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே ரிப்போர்ட் இல்லையென்றால் கூடத்து 42,000 போயிருக்கும், எண்டார்ஸ்மென்ட் இல்லாமல் ஷீட்டின் 14,000-உம் போயிருக்கும்.

தென்னைத் தலையை வெட்டி அப்புறப்படுத்த 3,500 ஆனது. இடிபாடு அகற்றும் செலவுக்கு வரம்பு, ஏற்றுக்கொண்ட தொகையில் 2 சதவீதம். 1,03,000-க்கு 2,060 வந்தது. மே மாத ரிப்போர்ட்டுக்கான என் கூலி எந்தத் தலைப்பிலும் வராது.

பணம் வரப் பொங்கல் தாண்டியது. சர்வேயர் ரிப்போர்ட்டுக்கு 15 நாள், அதன்பின் கம்பெனி முடிவுக்கு 7 நாள் என்று 2024-இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வைத்த கெடு இருக்கிறது. இங்கே அது நடக்கவில்லை. வேலையைச் செய்து, பில் கொடுத்துத்தான் பணம் வாங்க வேண்டும் என்பதால் டீச்சர் ஓட்டு வேலையை முதலில் கைக்காசில் முடித்தார். மகன் அந்த ஐயாயிரத்துக்கு ஆம்பட்ஸ்மேன் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) வரை போகலாம் என்றார். சென்னை அலுவலகம்தான் நமக்கு, கட்டணம் கிடையாது, கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் டைம் இருக்கிறது. நான் வேண்டாம் என்றேன். செல் அரித்த சட்டத்துக்கு அங்கே போய் வாதாட நமக்கு ஒன்றுமில்லை. தாமதத்தைப் பற்றி மட்டும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார்த் தளமான பீமா பரோசாவில் ஒரு புகார் போட்டு வைத்தார்.

அறையின் கம்பியை அந்தக் கோடையில் சரி செய்தோம்: பொள்ளலான கான்கிரீட்டைப் புள்ளிக் கோடு வரை கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, தேய்ந்து மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, பாலிமர் மார்ட்டர் பூசி, மழைநீர்க் குழாய் வாயை மாற்றினோம். செலவு 38,000-ஐத் தாண்டியது. பில், பழைய படம், புதுப் படம் எல்லாம் சேர்த்து ஐப்பசி மழைக்கு முன்னாலேயே கம்பெனிக்கு மெயில் போய்விட்டது.